வைகை போய்ச் சேரும் கடல்

(மதுரை கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



மதுரைக்கு ஏது கடல், இவ எதுக்குக் கடலைப் பத்திப் பேசுறான்னு நினைப்பீங்க. நம்ம வைகை மிச்சம் மீதித் தண்ணியோட போய்ச் சேர்றது ராமநாதபுரம் கடல்லதான். நாம வாங்குற மீனும் அந்தப் பக்கமிருந்து வருது.

அந்தக் கடலில் ஆவுளியா என்று ஓர் உயிர் இருக்கிறது. கடல் பசு என்றும் சொல்வார்கள். இது மீன் இல்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கும். ஆழம் குறைந்த இடத்தில் வளரும் கடற்புல்லை நாளைக்கு 30, 40 கிலோ மேயும். சில வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே ஒரு குட்டிதான் போடும். மூச்சு விட மேலே வரணும். வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் செத்துவிடும். கறிக்காகவும் வேட்டையாடினார்கள். இன்று நாடு முழுக்கச் சில நூறுதான் மிச்சம் என்கிறார்கள்.

கடலடியை வாரும் இழுவை மடி, புல்லையும் அறுத்துப் போடுது. அந்தப் புல்லுக்குள்ளதான் இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வளருது. வத்துற கண்மாயில கொசுவலை போட்டுக் குஞ்சு வரைக்கும் வழிச்சா அடுத்த வருஷம் என்ன கிடைக்கும்? விதைநெல்லைப் பொங்கித் தின்ன கதைதான். இதில் முதலில் அடிபடுவது நாட்டுப்படகுக்காரரும், கூடை சுமந்து மீன் விற்கிற நம்மைப் போன்ற பெண்களும்தான்.

நல்லதும் நடக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் தேசியப் பூங்கா ஆயின. 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டர், நாட்டின் முதல் கடல் பசு காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து விட்ட மீனவர்களும் உண்டு. வலைக்கு என்ன விலைன்னு கடன் வாங்குன நமக்குத் தெரியும்.

நாம என்ன செய்யலாம்? மலிவா இருக்குன்னு குஞ்சு மீனை வாங்காதீங்க. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுக்கு 61 நாள் தடை. மீன் விலை ஏறினா முகம் சுளிக்காதீங்க. ராமேஸ்வரம் போனா பவளப்பாறைத் துண்டு, காய்ந்த கடல் குதிரை வாங்காதீங்க. அது சட்டப்படி குற்றம். வைகையில பாலிதீன் பையைக் கொட்டாதீங்க.

இந்த நாலையும் அடுத்த வாரக் குழுக் கூட்டத்தில் பேசி, தீர்மான நோட்டில் எழுதுங்கள்.