பத்து மணியும் பத்தேகாலும்



பிளஸ் டூ எழுதுகிற பிள்ளை உள்ள வீட்டில், மார்ச் பிறந்தால் அடிக்கடி காதில் விழுவது ‘டென்ஷன் ஆகாதே’ என்பதுதான். அப்பா சொல்வார். அத்தை போன் போட்டுச் சொல்வாள். மாடி வீட்டு மாமா படிக்கட்டில் நிறுத்திச் சொல்வார். இத்தனை பேர் சொன்ன பிறகு, அதுவரை நிம்மதியாக இருந்த பிள்ளைக்கும் வயிற்றைக் கலக்க ஆரம்பித்துவிடும். நிதானம் என்பது வாயால் சொல்லி வருவதில்லை. முந்தின நாளே அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன்.

எங்கள் பாடியில் இது தெரிந்த ஆட்கள் நிறைய உண்டு. லூகாஸ் டிவிஎஸ், வீல்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் என்று தொழிற்சாலைகளை வைத்தே வளர்ந்த ஊர் இது. சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் தரத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கிய நிறுவனம் அதுதான். 2004-ல் லூகாஸ் டிவிஎஸ்ஸும் வாங்கியது. டெமிங் என்கிற அந்த அமெரிக்கப் பேராசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்று. பொருள் தயாரான பிறகு சோதித்துப் பார்த்துத் தரத்தைக் கொண்டுவர முடியாது, செய்கிற முறையிலேயே அது இருக்க வேண்டும் என்பார். இப்படிப்பட்ட ஆலைகளில் ‘ஃபைவ் எஸ்’ என்று ஒரு பழக்கம் உண்டு. வேண்டாததை அப்புறப்படுத்து, வேண்டியதற்கு ஓர் இடம் வை, எடுத்ததை அங்கேயே வை. ஷிஃப்டில் இதைக் கடைப்பிடிக்கிற அப்பா, வீட்டுக்கு வந்ததும் மறந்துபோய் மகளுக்கு அறிவுரை சொல்ல உட்கார்ந்துவிடுகிறார்.

அறிவுரைக்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு மேசையை ஒழியுங்கள். ஹால் டிக்கெட், ஒரே நிறத்தில் நன்றாக எழுதிப் பார்த்த பேனாக்கள், பென்சில், ஸ்கேல், ரப்பர், தண்ணீர் பாட்டில். புத்தம் புதுப் பேனா வேண்டாம். ஒரு வாரமாவது கையில் பழகியதாக இருக்கட்டும். ஸ்மார்ட் வாட்ச் வீட்டிலேயே கிடக்கட்டும். எல்லாம் ஒரே பையில், பை கதவோரம். இதைப் பிள்ளையே எடுத்து வைக்க, நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும். தானே வைத்த பொருளைக் காலையில் தேட வேண்டியிருக்காது.

திருவலிதாயம் கோயிலைச் சொல்லாமல் பாடியில் பரீட்சையைப் பேச முடியாது. சம்பந்தர் பாடிய தலம். குரு பகவான் வழிபட்ட இடம் என்பதால் வியாழக்கிழமைகளில் கூட்டம் அதிகம். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் சந்நிதியில் வைத்து வாங்கிப் போகிற பிள்ளைகளைப் பார்க்கலாம். அதைக் கேலி செய்கிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஐந்து நிமிடம் ஓரிடத்தில் கண் மூடி நின்றாலே மூச்சு சீராகிவிடும். ஒரே ஒரு வேண்டுகோள்: கோயிலுக்கு முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டு வாருங்கள். ஹால் டிக்கெட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப் போங்கள். பதிவெண் மேல் குங்குமமும் விளக்கெண்ணெயும் சேர்ந்து அப்பிக்கொண்டால், காலையில் வாசலில் நின்று அதைத் துடைத்துக்கொண்டிருக்க நேரமிருக்காது.

காலையில் பாடி மேம்பாலத்தைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? நூறடி ரோடும் எம்.டி.எச். ரோடும் சேர்கிற இடம். எட்டரைக்கு மேல் கம்பெனி பஸ், ஸ்கூல் வேன், தண்ணீர் லாரி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். தேர்வு மையம் வேறு பள்ளியில் என்றால், ஒரு வேலை நாளில் அதே நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்த கணக்கு திங்கட்கிழமை உதவாது. தென் கொரியாவில் கல்லூரி நுழைவுத் தேர்வன்று ஆங்கிலக் கேட்டல் பகுதி நடக்கும் நேரத்தில் விமானங்களே இறங்குவதில்லை, ஏறுவதில்லை. நம்மால் விமானத்தை நிறுத்த முடியாது. பள்ளி வாசலில் ஹாரனை நிறுத்தலாம்.

இப்போது தேர்வு அறைக்குள் போவோம். கண்காணிப்பாளராகப் பல வருடம் நின்றவன் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். பத்து மணிக்கு மணி அடித்து வினாத்தாள் கைக்கு வரும். எழுதத் தொடங்குவது பத்தேகாலுக்கு. நடுவில் முதல் பத்து நிமிடம் படித்துப் பார்க்க, அடுத்த ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்க்க. அரசுத் தேர்வுத் துறை சும்மா கொடுக்கிற இந்தப் பத்து நிமிடத்தைப் பாதிப் பிள்ளைகள் வீணடிக்கிறார்கள். வினாத்தாளை வாங்கியதும் கண் நேராக ஐந்து மார்க் கேள்விகளுக்குப் போகும். தெரியாத ஒன்று அங்கே இருக்கும். முகம் வெளுத்துவிடும். அப்புறம் மீதி ஒன்பது நிமிடமும் அந்த ஒரு கேள்வியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

அப்படிச் செய்யாதே தம்பி. முதலில் பக்கங்களைப் புரட்டி, அச்சு சரியாக இருக்கிறதா, கேள்விகள் எல்லாம் இருக்கிறதா என்று பார். கை வேலை செய்யும்போது மனம் கொஞ்சம் அடங்கும். பிறகு ஒரு மார்க் கேள்விகளிலிருந்து வரிசையாக வா. கணக்குத் தாளில் இரண்டு மார்க் பகுதியில் பத்துக்கு ஏழு, மூன்று மார்க் பகுதியிலும் பத்துக்கு ஏழு எழுத வேண்டும். ஆனால் 30-வது கேள்வியும் 40-வது கேள்வியும் கட்டாயம். இந்தச் சின்ன வரியைப் படிக்காமல் தனக்குப் பிடித்த ஏழை எழுதிவிட்டு, வெளியே வந்து கன்னத்தில் கை வைக்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அந்த இரண்டையும் இந்தப் பத்து நிமிடத்திலேயே பார்த்து வை. எதை எழுதுவது, எதை விடுவது என்று மனசுக்குள் குறித்துக்கொள்.

மணிக்கணக்கும் எளிதுதான். 90 மார்க், 180 நிமிடம். மார்க்குக்கு இரண்டு நிமிடம். ஐந்து மார்க் கணக்கு ஒன்று பத்து நிமிடத்தைத் தின்றும் முடியவில்லையா, இடம் விட்டு அடுத்ததற்குப் போய்விடு. இயற்பியலில் 70 மார்க்குக்கு அதே மூன்று மணி நேரம். அங்கே இன்னும் தாராளம்.

நடுவில் சட்டென்று எல்லாம் மறந்துபோகும். நன்றாகப் படித்த பிள்ளைக்கும் நடக்கும். தண்ணீர் குடி, பேனாவைக் கீழே வை, மூச்சை மெதுவாக வெளியே விடு, பிறகு தெரிந்த ஒரு மார்க்கில் கை வை. எழுதத் தொடங்கினால் மற்றது பின்னாலேயே வரும். பயத்தை அமுக்கி வைப்பதைவிட வெளியே எடுத்துப் போடுவது நல்லது என்று ஓர் ஆய்வும் சொல்கிறது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், பைலாக் இருவரும் 2011-ல் வெளியிட்டது. பரீட்சைக்கு முன் பத்து நிமிடம் தங்கள் பயத்தைத் தாளில் எழுதிய மாணவர்கள், குறிப்பாக அதிகம் பயப்படுகிறவர்கள், நன்றாகவே எழுதினார்கள். வீட்டிலிருந்து கிளம்பும் முன் ஒரு பழைய நோட்டில் கிறுக்கிவிட்டுப் போகலாம், செலவில்லாத காரியம்.

ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் செய்யக் கூடாது. ‘சரியாக எழுதவில்லை, துணைத் தேர்வில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று எழுதிய விடைகளை எல்லாம் தானே குறுக்கே கோடு போட்டு அடிப்பது. தேர்வுத் துறை இதை ஒழுங்கீனமாகவே எடுத்துக்கொள்கிறது. முடிவு வெளியாகாது, அடுத்த தேர்வுகள் எழுதவும் தடை வரும். அரைகுறையாக எழுதியிருந்தாலும் தாளை அப்படியே கொடுத்துவிட்டு வா. திருத்துகிறவர் ஒவ்வொரு படிக்கும் மார்க் போடுகிறவர். நீ பூஜ்யம் என்று நினைத்த கணக்கில் மூன்று மார்க் கிடைக்கலாம்.

ஒன்றேகாலுக்கு மணி அடிக்கும். வாசலில் காத்திருக்கிற அம்மாக்களே, வினாத்தாளைப் பிடுங்கி அங்கேயே விடை சரிபார்க்காதீர்கள். முதலில் பிள்ளைக்குச் சோறு. பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை எழுதினான் என்கிற விசாரணையும் வேண்டாம். மாநில முதலிடம், மாவட்ட முதலிடம் என்று அறிவிப்பதைத் தமிழக அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. தெருவில் மட்டும் எதற்கு நடத்த வேண்டும்? மே மாதம் முடிவு வந்து ஒரு பாடம் போனாலும், ஜூன், ஜூலைக்குள் துணைத் தேர்வு எழுதி அதே வருடம் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள் இந்தப் பகுதியிலேயே இருக்கிறார்கள். சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் ஒரு பிள்ளை ஒதுங்கிப் போனால் காத்திருக்க வேண்டாம். 104 என்ற எண்ணுக்கு இரவோ பகலோ அழையுங்கள், ஆலோசகர் பேசுவார். பள்ளிக் கல்வித் துறையின் 14417-ம் இருக்கிறது. இரண்டு எண்ணையும் இப்போதே ஹால் டிக்கெட் உறையின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.