சிறுதேரும் செய்தித்தாளும்

தேநீர் எப்போது வரும் என்று பின்வரிசையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தம்பிமாரே,

இந்த அறக்கட்டளை யார் பெயரில் அமைந்திருக்கிறதோ, அவரை நான் ஒருநாளும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. பெயர் அழைப்பிதழ் அட்டையில் இருக்கிறது. எனக்கு அவர் ஐயா. இந்த உரையிலும் அப்படியே இருக்கட்டும்.

ஐயா எங்களுக்குப் பௌதிகம் படிப்பித்தார். உராய்வுப் பாடம் வந்தால் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கரும்பச்சை மொறிஸ் மைனரை எடுப்பார். ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் இராது. அடிமட்டத்தின் ஒரு நுனியைப் புத்தகங்களின் மேல் சாய்த்து வைத்து, காரை மேலே நிறுத்திக் கையை எடுப்பார். அது ஓடிவந்து வருகைப் பதிவேட்டில் மோதி நிற்கும். பிறகு இன்னொரு புத்தகத்தை அடுக்குவார். நாங்கள் எல்லோரும் கோணத்தை மறந்து காரையே பார்த்துக்கொண்டிருப்போம். அது அவருக்கும் தெரியும்.

ஒருநாள் அதைக் கவிழ்த்துப் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. வயிற்றுப் பக்கத்தில் ஆங்கிலத்தில் 46 என்ற இலக்கமும், இங்கிலாந்தில் லெஸ்னி செய்தது என்ற எழுத்துகளும் புடைப்பாக இருந்தன. சன்னலுக்குக் கண்ணாடி இல்லை. முன்பக்கச் சேறுகாப்பின் வளைவில் பச்சை தேய்ந்து வெள்ளை உலோகம் தெரிந்தது. எத்தனையோ விரல்கள் பிடித்துத் தள்ளிய இடம் அது.

ஐயா அந்தக் காரோடு நிற்கவில்லை. ஓய்வுபெறும்போது அவரிடம் நாற்பத்துமூன்று கார்கள் இருந்தன, எல்லாம் ஒரே பிஸ்கட் டின்னுக்குள். டிங்கி டொய்ஸ், மெச்பொக்ஸ், கோர்கி. பெயர்கள் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூலில் மெக்கானோ நிறுவனம் நடத்திய பிராங்க் ஹோர்ன்பியின் தொழிற்சாலையில் பிறந்தது டிங்கி. 1934 இல் அந்தப் பெயர் வந்தது, 1979 இல் தொழிற்சாலை மூடப்பட்டது. கோர்கி 1956 இல் வந்தது. சன்னலுக்குக் கண்ணாடி வைத்ததே அதன் பெருமை. மெச்பொக்ஸின் கதை கொஞ்சம் சுவையானது. லண்டனில் லெஸ்லி ஸ்மித், ரொட்னி ஸ்மித் என்ற இருவர், உறவினர் அல்லர், 1947 இல் தங்கள் பெயர்களை ஒட்டி லெஸ்னி என்று ஒரு வார்ப்படக் கம்பனி தொடங்கினார்கள். அவர்களோடு சேர்ந்த ஜாக் ஓடெலின் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மட்டுமே கொண்டுவரலாம் என்று விதி. தகப்பன் ஒரு ரோட் ரோலரைத் தீப்பெட்டிக்குள் அடங்கும்படி செய்து கொடுத்தார். 1953 இல் மெச்பொக்ஸ் வரிசை அந்த ரோட் ரோலரோடுதான் தொடங்கியது. கண்டி–கொழும்பு வீதியில் கிரிபத்கும்புரவைக் கடக்கும்போது நெடுஞ்சாலை அருங்காட்சியகத்தில் நிற்கும் பெரிய நீராவி ரோட் ரோலர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தீப்பெட்டி ஞாபகம் வரும்.

இனி என் கதை. நான் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். எந்தப் பத்திரிகை என்று கேட்காதீர்கள். ஐயாவின் பிஸ்கட் டின்னைப் பற்றி அரைப்பக்கம் எழுதிக்கொண்டு ஆசிரியரிடம் போனேன். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, கார் இருக்குது, சரி. செய்தி எங்க?"

நான் விழித்தேன். அவர் விரல்விட்டார். "என்ன விலை போகும்? ஏதாவது சாதனையா? திறந்து வைக்க மந்திரி யாரும் வந்தாரா?"

மூன்றுக்கும் இல்லை என்றேன். கட்டுரை சிறுவர் பக்கத்துக்குப் போனது. ஏழு வரியாகச் சுருங்கி, பக்கத்தில் வர்ணம் தீட்டுவதற்கு ஒரு ஜீப்பின் கோட்டுப்படத்தோடு வெளிவந்தது. ஐயா அதை வெட்டி எடுத்து டின் மூடியின் உள்பக்கம் ஒட்டிவைத்தார். அவருடைய பேரன் ஜீப்புக்கு வர்ணமும் தீட்டியிருந்தான். இன்னும் இருக்கிறது.

எனக்கு அன்று கோபம். பல ஆண்டுகள் கழித்து அதே மாதிரி நாற்காலியில் நானும் உட்கார்ந்து, அதே மூன்று கேள்விகளை வேறு பையன்களிடம் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. பத்திரிகைக்கு ஒரு பொருள் மட்டும் போதாது. ஒரு தேதி வேண்டும், ஒரு நிகழ்ச்சி வேண்டும், அதை அறிவிக்க ஓர் ஆள் வேண்டும். முத்திரை சேகரிப்பைப் பாருங்கள். இலங்கையின் முதல் முத்திரை 1857 இல் வந்தது. அன்றிலிருந்து அதற்குப் பின்னால் ஓர் அரசாங்கத் திணைக்களம் நிற்கிறது. புதிய முத்திரை வந்தால் முதல்நாள் உறை வரும், விழா வரும், அழைப்பிதழ் நிருபரின் மேசைக்கு வரும். நிருபர் தேடிப்போக வேண்டியதே இல்லை. அசல் பழைய கார்களுக்கும் அப்படித்தான். சங்கம் இருக்கிறது, ஊர்வலம் இருக்கிறது, தொப்பி அணிந்த உரிமையாளர் இருக்கிறார். கண்டி வாவியைச் சுற்றி நாலு பழைய ஒஸ்டின் போனால் போதும், மறுநாள் வர்ணப்படம் உறுதி. அதே ஒஸ்டின் உள்ளங்கைக்குள் இருந்தால் படம் பிடிக்க ஆள் இல்லை. பிஸ்கட் டின்னுக்கு ஊர்வலம் இல்லையே.

பிறகு, விலை. உலகப் பத்திரிகைகளில் விளையாட்டுக் கார் தலைகாட்டுவதெல்லாம் இரண்டு வாசல்களால்தான். அமெரிக்காவில் ஹொட் வீல்ஸ் காரர்கள் 1969 இல் செய்து பார்த்து, ஓடுபாதைக்குச் சரிவராது என்று கைவிட்ட இளஞ்சிவப்பு வொக்ஸ்வாகன் வேன் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி எழுதாத பத்திரிகை குறைவு, ஏனென்றால் அதன் மதிப்பு ஓர் இலட்சம் டொலருக்கு மேல். லெபனானில் நபீல் கரம் என்பவர் 37,777 மாதிரிக் கார்கள் வைத்து 2016 இல் கின்னஸ் சாதனை படைத்தார். அவரைப் பற்றியும் எழுதினார்கள். விலை ஒரு வாசல், எண்ணிக்கை இன்னொரு வாசல். நாற்பத்துமூன்றுக்கு இரண்டிலும் அனுமதி இல்லை.

இதை நவீனப் பத்திரிகையின் குறை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியவில்லை. நம்முடைய பட்டினப்பாலையில் ஒரு காட்சி வருகிறது. காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் நெல் காய்கிறது. கோழி கொத்த வருகிறது. பெண் தன் காதணியைக் கழற்றிக் கோழிமேல் வீசுகிறாள். அந்தப் பொற்குழை, பிள்ளைகள் உருட்டி வரும் மூன்றுகாற் சிறுதேரின் வழியை மறிக்கிறது. ஊரின் செல்வத்தைக் காட்டுவதற்கான காட்சி அது. உரைசொல்லும் எல்லோரும் பொன்னைத்தான் விளக்குவார்கள். தேர் உருட்டிய பிள்ளை யார், அதை யார் செதுக்கிக் கொடுத்தார், குழையில் முட்டியதும் என்ன செய்தான் என்று ஒருவரும் கேட்பதில்லை. பொன் குறுக்கே விழுந்ததால் சிறுதேருக்குப் பாட்டில் இடம் கிடைத்தது. என் பத்திரிகை ஆசிரியரும் அதைத்தானே கேட்டார்?

ஆனால் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் வேறுமாதிரி. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்தாவது பருவமே சிறுதேர்ப் பருவம். குழந்தை தேர் உருட்டுவதற்கென்று ஒரு பருவம் முழுவதையும் ஒதுக்கினார்கள். இன்றைய பக்க அளவில் பார்த்தால் அது பெரிய இடம்.

சேகரிப்பவர்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். அவர்களுக்கு விளம்பரம் வேண்டாம். கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் பேராதனையிலும் நான் பேசிப் பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் படம் எடுக்க விடவில்லை. ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார்: "நீங்க எழுதினா நாளைக்கே பழஞ்சாமான் கடைக்காரன் விலையை மூணு மடங்கு ஆக்கிருவான்." இன்னொருவருக்கு மனைவியின் அண்ணன் தம்பிமாரிடம் பயம். ஐம்பது வயதில் பொம்மைக் கார் வாங்குகிறார் என்று கல்யாண வீட்டில் சிரிப்பார்களாம். வயது வந்தவர் சாமிச்சிலை சேர்த்தால் பக்தி, நாணயம் சேர்த்தால் அறிவு, கார் பொம்மை சேர்த்தால் கிறுக்கு. ஆகவே அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறார்கள். பத்திரிகை தேடவில்லை என்பது பாதி உண்மை. தேடினாலும் கதவு திறக்காது என்பது மீதி.

இதனால் நட்டம் யாருக்கு? கண்டிக்குத்தான் என்பது என் எண்ணம்.

இந்தக் கார்கள் இங்கே வந்த வழியை நினைத்துப் பாருங்கள். தோட்டத்துத் துரை பங்களாவுக்கு வந்தவை பல. துரையின் பிள்ளைகள் படிப்புக்கு இங்கிலாந்து போனபோது விட்டுச் சென்றவை சில. 1972 இல் காணிச் சீர்திருத்தம் வந்தது. 1975 இல் கம்பனித் தோட்டங்களையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. பங்களாச் சாமான்கள் கைமாறின. பியானோ எங்கே போனது என்று சொல்ல ஆள் இருக்கிறது. பிள்ளையின் கார் எங்கே போனது என்று சொல்ல ஆள் இல்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் பிள்ளைகளாக இருந்தவர்களைக் கேளுங்கள். அண்ணனுடைய பழைய கார் தம்பிக்கு, தம்பியுடையது மாமன் மகனுக்கு என்று இறங்கிக்கொண்டே போகும். சுவருக்குப் பூசிய மிச்சப் பெயின்ட்டால் அதற்கு நிறம் மாற்றுவார்கள். இன்று சேகரிப்பவர் அந்தப் பெயின்ட்டைப் பார்த்தால் முகம் சுளிப்பார். எனக்கென்னவோ அதில்தான் ஒரு குடும்பமே தெரிகிறது.

இன்னொரு பிரிவும் நடந்தது. 1964 ஒக்டோபரில் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கென்று எழுதிவைத்தது. ரயிலில் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் போனவர்களின் தகரப் பெட்டிக்குள் துணியும் பாத்திரமும் சாமிப்படமும் போயின. பிள்ளையின் வண்டி, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வாசலில் கிடந்தது.

அந்த வண்டி டிங்கி இல்லை, மெச்பொக்ஸ் இல்லை. டின்மீன் தகரத்தில் உடம்பு. தேய்ந்த பாட்டா செருப்பில் வட்டம் வெட்டி நாலு சில்லு. குடைக்கம்பியில் அச்சு. சோடா மூடி இரண்டு முன்விளக்கு. இழுக்க ஒரு கயிறு. மலைநாட்டில் வளர்ந்த என் வயதுக்காரர் எவரும் அதைச் செய்திருப்பார், அல்லது செய்தவனிடம் கெஞ்சியிருப்பார். அதில் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கும் சேகரிப்பாளர் ஒருவரைக்கூட நான் சந்தித்ததில்லை.

ஐயாவிடம் கடைசியாகப் பேசியபோது முதற்காரைப் பற்றிக் கேட்டேன். அரைப்பக்கம் எழுதிய காலத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போது நான் எத்தனை கார் என்று எண்ணினேன். முதற்கார் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. செய்தி எங்கே என்று ஆசிரியர் கேட்டதற்குப் பதில் அந்த டின்னுக்குள்தான் இருந்தது. எடுக்கத் தெரியாதவன் நான்.

அவருடைய அப்பா கலஹாப் பக்கம் ஒரு பங்களாவில் அப்புவாக, அதாவது வீட்டுப் பணியாளராக, வேலை பார்த்தவர். துரையின் மகன் கப்பலேறும்போது அந்த மொறிஸ் மைனரை இவர் கையில் கொடுத்தானாம். இவருக்கு அப்போது பத்து வயது. வீட்டுக்கு வந்ததும், தான் செய்து வைத்திருந்த டின்மீன் காரைத் தேயிலைச் செடிக்குள் எறிந்துவிட்டார். "அது நேரா ஓடாது, இடப்பக்கம் இழுக்கும்," என்றார். கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "எறிஞ்சிருக்கக் கூடாது. ரெண்டும் இருந்திருந்தா உராய்வுப் பாடத்துக்கு நல்லா உதவியிருக்கும்."

சேகரிப்பவர்களுக்கு நடைமுறையில் ஒரு சொல். கண்டியின் ஈரம் இந்தக் கார்களின் எதிரி. யுத்தத்துக்கு முந்திய டிங்கிகள் சிலவற்றின் நாகக் கலவையில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டது. அது உள்ளிருந்தே உலோகத்தைப் பிளக்கும், ஈரமும் வெப்பமும் அதை விரைவாக்கும். ஐயாவிடம் இருந்த ஒரு பழைய லொறியை நான் எடுத்தபோது பக்கத்தகடு மாரி பிஸ்கட் போல விரலில் உதிர்ந்தது. அதற்கு மருந்து இல்லை. காற்றோட்டமுள்ள உலர்ந்த இடத்தில் வையுங்கள், பொலித்தீன் பையில் கட்டாதீர்கள். அட்டைப் பெட்டி கிடைத்தால் எறியாதீர்கள். காருக்குச் சமமான மதிப்பு பெட்டிக்கும் உண்டு, இராமபாணப் பூச்சிக்கும் அது தெரியும். புதுப் பெயின்ட் மட்டும் அடிக்கவே அடிக்காதீர்கள்.

அதோடு, ஒரு துண்டுத் தாளில் பென்சிலால் எழுதி வையுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம் அல்லது எந்த வீதி, யார் கொடுத்தது, எந்த ஆண்டு. டின்மீன் கார் செய்யத் தெரிந்தவர்கள் ஒன்று செய்து தாருங்கள். அதையும் டின்னில் வைக்க ஐயாவின் மகள் சம்மதித்திருக்கிறார்.

நாற்பத்துமூன்று கார்களுக்கும் இப்போது தாள் எழுதி வருகிறோம். பதினொன்றுக்குத்தான் விபரம் கிடைத்திருக்கிறது. எல்லாம் வெளியே மேசையில் வரிசையாக இருக்கின்றன, பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில், உங்கள் தோட்டத்தில், உங்கள் அண்ணன் கையில் பார்த்த கார் ஏதாவது அதில் இருந்தால், தேநீர் குடிப்பதற்கு முன் எழுதிவிட்டுப் போங்கள்.