தைரொயிட் சுரப்பியும் உடற்பருமனும்



சோம்பல் என்று நாம் பழித்த ஒன்று நோயாக முடிந்த கதையுடன் தொடங்குகின்றோம். எமது தமக்கையார் விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டிக் கோலமிடுபவர். அத்தகையவர் ஒரு காலத்தில் பாயைவிட்டு எழமாட்டாதவரானார். முகம் ஊதிற்று, குரல் கரகரத்தது, மற்றவர்க்குச் சுகமாயிருந்த மார்கழிக் குளிரில் அவர் போர்வைக்குள் நடுங்கினார். உடலும் பருத்தது. “தின்பதும் கிடப்பதுமே வேலை” என்று வீட்டார் பேசினோம். அவரோ அந்தப் பேச்சுக்கு அஞ்சி இராச் சாப்பாட்டையே விட்டிருந்தார். இரத்தத்தைச் சோதித்த பின்னரே உண்மை தெரிந்தது. அவ்வாறு பேசியவர்களுள் நாமும் ஒருவர் என்பதை இச்சபையில் ஒளிக்க விரும்பவில்லை.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் இருப்பது தைரொயிட் சுரப்பி. கேடயச் சுரப்பி என்றும் கூறுவர். உடம்பென்னும் அடுப்பு எவ்வளவு எரியவேண்டும் என்பதை அது சுரக்கும் ஓமோனே நிருணயிக்கின்றது. சுரப்புக் குறைந்தால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி “இன்னும் சுர” என்று ரி.எஸ்.எச். என்னும் மற்றோர் ஓமோனை மேலும் மேலும் அனுப்பும். ஆகவேதான் சோதனைத் தாளில் ரி.எஸ்.எச். உயர்ந்து காணப்படுகின்றது.

ஓமோனை ஆக்க அயடீன் வேண்டும். அது குறைந்தமையால் நம் நாட்டின் தென்மேற்குப் பகுதியில் கழுத்துக் கழலை மிகுந்திருந்த காலம் உண்டு. 1995ஆம் ஆண்டில் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமாயிற்று. இன்று பலருக்கு நோய் வருவது உடம்பின் காவற்படையே சுரப்பியைத் தாக்குவதனால். இவ்வகை அழற்சியை 1912இல் விவரித்த யப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோவின் பெயரால் அது வழங்குகின்றது.

1891ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் நியூகாசில் நகரில், ஜோர்ஜ் மறே என்ற வைத்தியர் ஆட்டின் தைரொயிட் சாற்றை 46 வயதுப் பெண்ணொருவருக்கு ஊசிமூலம் ஏற்றினார். அவ்வம்மையார் பின்னும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குச் செலவான ஆடுகளோ 870க்கு மேல்! இன்று ஆடு வேண்டியதில்லை. செயற்கையாக ஆக்கிய தைரொக்சின் மாத்திரை ஒன்று போதும்.

ஆனால் மாத்திரை தொடங்கியதும் மெலிந்துவிடுவோம் என்ற எண்ணம் பெரும் ஏமாற்றத்தில் முடிகின்றது. இந்நோயால் ஏறும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோ வரையே. அதிலும் பெரும்பங்கு கொழுப்பன்று. உடம்பில் தங்கிய உப்பும் நீருமே. ஓமோன் சமநிலைக்கு வந்தால் அது வடியும். அதற்கு மேற்பட்ட எடையின் கணக்கு மற்றவர்க்குள்ள கணக்கேயாம். எமது தமக்கையார் மூன்று கிலோ குறைந்து அவ்வளவில் நின்றதும் மனமுடைந்து மாத்திரையை நிறுத்தினார். அம்மருந்து இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள் செல்லும். ஆதலால் நிறுத்தியவுடன் ஒன்றும் தெரிவதில்லை. சில கிழமைகளிற் பழைய குளிரும் சோர்வும் திரும்பின. இதற்கு மாறாக, விரைவில் மெலியலாம் என்று ஒன்றுக்கு இரண்டாக விழுங்குவோரும் உளர். அது இருதயத் துடிப்பைக் குழப்பும், எலும்பையும் நலிவிக்கும்.

மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீருடன் எடுத்தல் வேண்டும். தேநீர் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்கட்டும். எமது வீடுகளில் இதுவே பெருஞ் சோதனை! கல்சியம், இரும்பு மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளியே எடுக்கலாம். வைத்தியர் அளவை மாற்றினால் 6 முதல் 8 கிழமைகளின் பின்னரே மறுசோதனை.

மரவள்ளிக்கிழங்கும் கோவாவும் ஆகா என்று சிலர் அடியோடு தள்ளுகின்றனர். அயடீன் உப்பு உண்பவர் அவற்றை நன்கு அவித்து அளவாக உண்பதிற் கேடில்லை. எமது வீட்டில் கேடு தேநீர்க் கோப்பையில் இருந்தது. கோப்பைக்கு மூன்று தேக்கரண்டி சீனி, நாளுக்கு ஐந்து கோப்பை; ஏறக்குறைய 60 கிராம், அதாவது 240 கலோரி! தமக்கையார் முதலிற் சீனியை விட்டார். பட்டினியையும் விட்டார். சோற்றைச் சிறிது குறைத்துக் கீரையும் பருப்பும் கூட்டினார். மாலையில் அரை மணி நேரம் நடக்கலானார். ஓராண்டில் 6 கிலோ குறைந்தது. இப்பொழுது அந்நடைக்கு நாமும் கூடச் செல்கின்றோம். அவருடைய வேகத்துக்கு ஈடுகொடுப்பதுதான் சிரமமாயிருக்கின்றது.