பிழைத்தோரையும் எண்ணுவோம்



போரில் மாண்டோருக்கும், புயலில் மறைந்தோருக்கும், கொள்ளைநோய்க்குப் பலியானோருக்கும் நாள் குறித்து நாம் அஞ்சலி செலுத்துகிறோம். அது நம் கடன். ஆயினும், மனிதன் துயரை வென்ற நாள்களுக்கு நம் நினைவில் இடமில்லையே என்னும் குறை எனக்கு நெடுநாளாக உண்டு. அதனை ஒரு நிகழ்ச்சியால் விளக்க விரும்புகிறேன்.

1971ஆம் ஆண்டில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலிகளாக இந்தியாவுக்கு வந்தனர். மேற்கு வங்க எல்லையிலுள்ள பன்காவ் முகாமில் காலரா பரவியது. மருத்துவமனையின் இரு அறைகளும் நிரம்பி, நோயாளிகள் தரையில் கிடந்தனர். நாளத்தின் வழியே ஏற்றும் உப்புநீர் தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பொறுப்பேற்றிருந்தவர் மருத்துவர் திலீப் மகலனாபிஸ்.

காலரா கண்டவர் உடலில் சில மணி நேரத்திலேயே நீரும் உப்பும் வற்றிவிடும். வெறும் நீரைப் பருகினால் இழப்பு ஈடாவதில்லை. ஆனால் குளுக்கோஸ் உடன் சேருமாயின் குடல் உப்பை ஈர்த்துக்கொள்ளும். உப்பைத் தொடர்ந்து நீரும் உட்செல்லும். இவ்வியல்பை இராபர்ட் கிரேன் 1960இல் எடுத்துரைத்தார். டாக்காவிலும் கல்கத்தாவிலும் ஆய்வாளர்கள் நோயாளிகளிடம் அதைச் சோதித்தும் இருந்தனர். எனினும், பயிற்சியற்றோர் கையில் அம்மருந்தை ஒப்படைக்க மருத்துவ உலகம் தயங்கியது.

மகலனாபிஸ் துணிந்தார். ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா எனக் கலந்து பீப்பாய்களில் நிரப்பினார். நோயாளியின் தாயும் உடன்பிறந்தாருமே குவளையில் பிடித்துப் புகட்டினர். நூற்றுக்கு முப்பது என்ற அளவில் இருந்த இறப்பு, அவர் பொறுப்பில் இருந்தோரிடையே நான்குக்கும் கீழே இறங்கியது.

1978இல் லான்செட் மருத்துவ இதழ், இந்நூற்றாண்டின் தலையாய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று மதிப்பிட்டது. 1980களில் வங்கதேசத்தின் பிராக் அமைப்பினர் வீடு வீடாகச் சென்று, சிட்டிகை உப்பும் கைப்பிடி வெல்லமும் கொண்டு இக்கரைசலை ஆக்கும் முறையைத் தாய்மார்க்குக் கற்பித்தனர். ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களை அவ்வறிவு எட்டியது.

1971இன் துயரை வரலாறு மறவாது, மறக்கவும் கூடாது. ஆனால் அதே முகாமில் பிறந்த இவ்வெற்றியை எத்தனை பேர் அறிவோம்? மகலனாபிஸ் 2022இல் மறைந்தார். பத்மவிபூஷண் விருது அவர் மறைவுக்குப் பின்னரே, 2023இல் அறிவிக்கப்பட்டது.

இது வெறும் பாராட்டுப் பற்றிய பேச்சன்று. வயிற்றுப்போக்கினால் இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கான குழந்தைகள் இறக்கின்றனர். மருந்தோ அடுக்களையில் இருக்கிறது. மாண்டோரை மட்டும் எண்ணும் சமுதாயம் இரங்கக் கற்கிறது. பிழைத்தோர் எவ்வாறு பிழைத்தனர் என்றும் கேட்கும் சமுதாயமே காக்கக் கற்கிறது.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம், அடுத்த பத்தாண்டில் அஞ்சலிக் கூட்டங்களோடு இத்தகைய நன்றிக் கூட்டங்களையும் நடத்த வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.