எண்ணெய்ப் போத்தலும் எக்ஸ் கதிரும்



செல்வச்சந்நிதி முருகனின் திருநீற்றோடு ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் ஒரு போத்தல் நல்லெண்ணெயும் சேர்த்துப் பொதிகட்டி, ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் பிள்ளைகளுக்கு அனுப்பாத வீடு எங்கள் தொண்டைமானாற்றில் அரிது. அவற்றுள் எண்ணெயை மாத்திரம் நம்மவர் ஏனோ ஒளித்தே வைக்கின்றனர். ஒளித்த திரவத்தைத் தபாற்காரரும் கூரியர்க்காரரும் கண்டுபிடிப்பார்களா என்று, தபாற்கந்தோரில் நெடுங்காலம் பொதி நிறுத்து வாங்கும் உத்தியோகம் பார்த்த என்னிடம் இன்றும் வினவுவோர் உளர்.

எக்ஸ் கதிர்க் கருவிக்கு முன்னதாகக் கண்டுபிடிப்பது கை. திண்மப் பொருள் நிறைந்த பொதியைச் சரித்தால் பாரம் பொதியோடு ஒன்றாகவே அசையும். உள்ளே போத்தல் ஒன்று குறைநிரம்பலாகக் கிடந்தாலோ, பாரம் ஒரு கணம் பிந்தி வந்து உள்ளங்கையில் இடிக்கும். மூதாட்டி ஒருவர் மிளகாய்த்தூட் பையின் நடுவே போத்தலைப் புதைத்துக் கொணர்ந்து, "தம்பி, உதுக்குள்ள தூள் மட்டுந்தான் கிடக்கு" என்று சாதித்தார். "தூளெண்டால் ஏன் ஆச்சி குலுங்குது?" என்றேன். சிரித்துக்கொண்டே அவர் பையை அவிழ்த்தபோது, மூடியோரத்தால் கசிந்த எண்ணெயில் தூளிற் பாதி களியாகியிருந்தது. வீட்டிலிருந்து கந்தோருக்கு வருவதற்குள் நேர்ந்த கதி அது!

விமானத்திலோ நிலைமை இன்னும் மோசம். உயரே செல்லுங்கால் உள்ளிருக்கும் காற்றமுக்கம் தரையிலுள்ளதன் ஏறக்குறைய முக்காற்பங்காகக் குறைந்துவிடுவதால், போத்தலில் அடைபட்ட காற்று விரிந்து எண்ணெயை மூடியின் புரிவழியே வெளித்தள்ளுகின்றது. ஆதலால், 1874இல் பேர்ண் நகரில் உதயமான சர்வதேசத் தபால் ஒன்றியத்தின் விதிகள் கசியாத பாத்திரத்தையும், அது உடைந்தாலும் திரவம் முழுவதையும் உறிஞ்சவல்ல பொருளையும், புறத்தே உறுதியான பெட்டியையும் வேண்டுகின்றன. யான் இன்னொன்றும் சொல்வதுண்டு: மூடியை இறுக்கிப் போத்தலைப் பத்திரிகைத் தாள்மீது ஓரிரவு கவிழ்த்து வையுங்கள், விடியலில் தாளில் ஓர் எண்ணெய்ப் பொட்டுக் கண்டாலும் அந்தப் போத்தல் பிரயாணத்துக்கு உதவாது.

இனி, 1895இல் ரொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர். இக்காலக் கருவியின் திரையில் உலோகம் நீலமாகவும், மாவும் எண்ணெயும் போன்ற சேதனப் பொருள்கள் செம்மஞ்சளாகவும் தோன்றும். நிறம் ஒன்றாயினும், போத்தலின் கழுத்தும், திரவத்தின் மேல்மட்டமும், அதன்மேலுள்ள காற்றிடைவெளியும் ஒளித்த திரவத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அது எண்ணெயா வேறொன்றா என்பதைப் படம் மட்டும் கொண்டு துணிய இயலாமையால் பொதியை அவிழ்க்க நேரும். கருவி சர்வஞ்ஞன் அன்று. 2010இல் யேமனிலிருந்து அச்சுப்பொறி மைப்பெட்டிகளுள் அனுப்பப்பட்ட வெடிமருந்து உளவுத்தகவலாலேயே அகப்பட்டது. எல்லாப் பொதிகளும் எங்கும் ஒரேவகையாய்ச் சோதிக்கப்படுவதுமில்லை. ஆயினும் அந்த அதிர்ஷ்டத்தை நம்பி எண்ணெயை ஒளித்து அனுப்புவானேன்?

முடிவாகச் சில சொற்கள். மண்ணெண்ணெயும் மதுசாரம் கலந்த வாசனைத் திரவியமும் தீப்பற்றுவன. அவற்றைப் பொதியில் வையாதீர்கள். நல்லெண்ணெய் அவ்வினத்ததன்று, எனினும் அனுப்பும் நிறுவனத்தின் நிபந்தனையையும், சேரும் நாட்டின் விதியையும் முன்கூட்டியே கேட்டறிந்து, சுங்கப் பத்திரத்தில் "நல்லெண்ணெய், ஒரு போத்தல்" என்று கூச்சமின்றி எழுதுங்கள்.