விளக்கும் தொண்ணூற்றாறு ஆடுகளும்

பெருமதிப்புக்குரிய வேந்தர் அவர்களே, உபவேந்தர் அவர்களே, பேரவை, மூதவை உறுப்பினர்களே, பீடாதிபதிகளே, பட்டம் பெறும் என் தம்பி தங்கையரே, அவர்களைப் படிக்கவைத்த களைப்போடு இம்மண்டபத்தின் பின்வரிசைகளில் அடக்கமாக அமர்ந்திருக்கும் உம்மாமாரே, வாப்பாமாரே, அம்மா அப்பாமாரே!

முகமன் கூறுவதில் பொழுதைப் போக்குவது எங்கள் கல்முனைக் கரையோரத்தாருக்குப் பிறவிக் குணமேயாயினும், இன்று அதனைச் சுருக்கிக்கொள்கிறேன். 1995 ஆம் ஆண்டு இப்பிரதேசத்தில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றவும், மறு ஆண்டே அது பல்கலைக்கழகமாக உயரவும் காரணராயிருந்த மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களையும், இந்த ஒலுவிலிலிருந்து வடக்கே சிறிது தூரத்திலுள்ள காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாக ஆரம்பித்து யாழ் நூல் வரையில் நடந்து சென்ற விபுலாநந்த அடிகளையும் நினைவுகூர்ந்து விஷயத்துக்கு வருகிறேன்.

உபவேந்தர் அவர்கள் எனக்கிட்ட பணி, வளர்ந்துவரும் நாடொன்றில் தூய சக்திக்கு மாறும் வேலைத்திட்டங்களை முன்னின்று நடத்துவதைப் பற்றிப் பேசுதல். முன்னின்று நடத்துதல் என்றதும் நாடாவை வெட்டுவதும், பெயர்ப்பலகையின் திரையை நீக்குவதும், எத்தனை மெகாவாட் என்று பத்திரிகைக்காரருக்குச் சொல்வதுமே பலருக்கு ஞாபகம் வருகின்றன. இவ்விஷயத்தில் என் அபிப்பிராயம் சற்றுப் பழமையானது. ஏறக்குறைய ஆயிரம் வருஷம் பழமையானது என்றே சொல்லலாம்.

சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் புரட்டியவர்கள், கோயிலுக்கு நந்தாவிளக்கு வைத்தவர் விளக்கை மாத்திரம் கொடுத்துவிட்டு வீடு திரும்பவில்லை என்பதை அறிவார்கள். விளக்கொன்றுக்கு ஆடு தொண்ணூற்றாறு என்று கணக்கிட்டு, அவற்றை இன்ன இடையன் வசம் ஒப்புவித்து, அவன் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கவேண்டுமென்று விதித்து, செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டி வளர்ந்துவிடுமாதலால் மந்தை ஒருகாலும் குறையாதென்று கொண்டு, எல்லாவற்றையும் கல்லிலே வெட்டிவைத்தார்கள். நம் கிழக்கு மாகாணத்திலேயே, திருகோணமலைக்கு அண்மையிலுள்ள வெல்கம் விகாரை என்னும் பௌத்தப் பள்ளியில், விளக்கையும் அதற்குரிய கால்நடையையும் சேர்த்தே தானமளித்த செய்தியைச் சொல்லும் தமிழ்ச் சாசனங்கள் இருக்கின்றன. எங்கள் பள்ளிவாசல்களுக்குத் தென்னந்தோட்டத்தை வக்பு செய்து, அதன் வருமானம் விளக்கெண்ணெய்க்கும் ஹவுளின் பராமரிப்புக்கும் என்று எழுதிவைத்தவர்களும் இம்மரபைச் சேர்ந்தவர்களே. மின்சக்தித் துறையில் நான் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம், ஒரு திட்ட அறிக்கை மேசைக்கு வந்தால், இதிலே ஆடுகள் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன என் சகாக்கள் எனக்கு ‘ஆட்டு எஞ்சினியர்’ என்று பெயரும் வைத்தார்கள். அப்பட்டம் எனக்கு எந்த மேடையிலும் வழங்கப்படவில்லையாயினும் நீண்ட காலம் நிலைத்து நின்றது.

அப்பெயர் வந்த கதையைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல அநுமதி வேண்டும். உலக வங்கியின் கடனுதவியோடு 1997இல் ஒரு கிராமிய மின்சக்தித் திட்டம் இந்நாட்டில் தொடங்கிற்று. அதன் தொடர்ச்சி 2002இலிருந்து 2011 வரை நடந்தது. மின்கம்பம் எட்டாத கிராமங்களில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் அவ்விரு திட்டங்களின் மூலம் சோலார் பெனல் பெற்றன. சர்வோதயத்தின் கடன் வழங்கும் அங்கமாகிய சீட்ஸ் நிறுவனம், சேனைப் பயிர் செய்கிறவனுக்கும் தவணைக் கடன் கொடுத்து அறுவடைக்கு அறுவடை வசூலித்ததே அவ்வெற்றியின் இரகசியம். பங்களாதேஷ் இவ்வழியில் நமக்குப் பின்னே புறப்பட்டு, நாற்பது இலட்சம் வீடுகளுக்கு அப்பால் போய்விட்டது.

அக்காலத்தில் சியம்பலாண்டுவைக்கு அப்பாலுள்ள காட்டோரக் கிராமங்களைப் பார்வையிடுவது என் கடமைகளுள் ஒன்று. கூரைமேல் ஐம்பது வாட் பெனல், அறையின் மூலையில் பன்னிரண்டு வோல்ட் பெட்டரி, நாலைந்து மின்குமிழ், ஒரு கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி, இவற்றுக்கெல்லாம் நடுவே சுவரில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவி. பெட்டரி வற்றும்போது அக்கருவியில் சிவப்பு விளக்கு எரியும். பின்னர் கரன்டைத் தானே துண்டித்துவிடும். ஆனால் தொலைக்காட்சி நாடகத்திலே கதாநாயகிக்கு ஆபத்து நேர்ந்த கட்டத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் எந்தக் குடும்பம் பொறுத்துக்கொள்ளும்? வீட்டின் மூத்த பையன் எழுந்து, இரண்டு வயர்களையும் கருவியிலிருந்து பிடுங்கி, நேரே பெட்டரியின் தலையில் மாட்டிவிடுவான். நாடகம் முடியும், பெட்டரியும் முடியும். உள்ளே தண்ணீர் குறைந்தால் வடித்த நீரை ஊற்றவேண்டியிருக்க, சுண்ணாம்பு ததும்பும் கிணற்று நீரை ஊற்றுவார்கள். ஐந்து வருஷம் உழைக்கவேண்டிய பெட்டரி இரண்டாம் வருஷமே உயிரை விடும். தவணையோ மூன்றாம் வருஷமும் பாக்கியிருக்கும்.

ஒரேயொரு கிராமத்தில் மாத்திரம் பெட்டரிகள் சாகவில்லை. காரணத்தைத் தேடியபோது, பழைய மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டரித் தண்ணீர் கானைக் கட்டிக்கொண்டு, அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கண்ணாடிக் குழாயைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, வீடு வீடாகச் செல்லும் ஒரு சிங்கள இளைஞனைக் கண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் தன் கொப்பியிலே ஒரு பக்கம் ஒதுக்கி, பெட்டரியின் ஆறு அறைகளுக்கும் ஆறு கட்டங்கள் கீறி, மாதத்துக்கு மாதம் அளவு குறித்திருந்தான். கீழே அவன் சிங்களத்தில் எழுதியிருந்த குறிப்புகளும் விலைமதிப்பற்றவை: இந்த வீட்டில் மகன் வயரைப் பிடுங்குகிறான், தாயிடம் சொல்லியாயிற்று, இந்த வீட்டில் பெனலுக்கு மேலே பலாக்கிளை நீண்டுவிட்டது, வெட்டவேண்டும். நந்தாவிளக்கின் இடையன் இவனல்லவா என்று எனக்குத் தோன்றிற்று. அவனுக்குச் சம்பளம் கொடுத்துவந்த கம்பனி, விற்பனை முடிந்த பிரதேசத்தில் ஆள் எதற்கு என்று மறு வருஷம் அவனை நிறுத்திவிட்டது. திட்டத்தின் கணக்கில் பெனலுக்கு மானியம் இருந்தது, கொப்பிக்கு இல்லை. சில வருஷங்களுக்குப் பின்னர் மின்சார சபையின் கம்பங்கள் அப்பக்கம் வந்தபோது, அக்கிராமத்துப் பெனல்களில் ஒன்று கோழிக்கூட்டின் கூரையாகக் கிடந்ததைப் பார்த்தேன். கோழிகளுக்கு அது நல்ல கூரைதான்.

என் மாணவப் பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1978 நவம்பர் 23 ஆம் திகதி கிழக்கே வீசிய சூறாவளியில் எங்களூர்த் தென்னைகளும் மின்கம்பங்களும் ஒருங்கே சாய்ந்தன. அதன் பின்னர் நெடுநாள் குப்பி விளக்கே எங்களுக்குச் சூரியன். மூத்தம்மா அதைப் புத்தகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைப்பார். அவர் தலை மறைந்ததும் நான் கிட்ட இழுத்துக்கொள்வேன். அத்தகைய விளக்கு உருண்டு தீப்பற்றி எரிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கு ஓயாமல் சிகிச்சையளித்த விஜய கொடகும்புர என்னும் சத்திர வைத்தியர், சத்திரக் கத்தியை வைத்துவிட்டு விளக்கையே திருத்தப் புறப்பட்டார் என்பதைப் பின்னாளில் அறிந்தபோது நான் அடைந்த வியப்பு கொஞ்சமல்ல. மார்மைட் போத்தலைப் போலக் குள்ளமாய்க் கனமாய், பக்கங்கள் தட்டையாய், திருகு மூடியோடு கூடிய ஒரு கண்ணாடி விளக்கை அவர் வடிவமைத்தார். சரிந்தாலும் உருளாது, எண்ணெயும் சிந்தாது. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அது மண்ணெண்ணெய் விளக்காயிற்றே, தூய சக்தியாகுமோ என்று நீங்கள் கேட்கலாம். ஆகாதுதான். ஆனால் விளக்கைக் கொடுப்பவன், அது எரியப்போகும் வீட்டின் இரவைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்னும் பாடத்தை, எந்த எஞ்சினியரிலும் பார்க்க அந்த வைத்தியரே எனக்கு நன்றாகக் கற்பித்தார்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரையில் கரன்ட் இல்லாமல் நாம் அநுபவித்த கஷ்டத்தை இங்குள்ள ஒருவரும் மறந்திருக்க முடியாது. நீங்கள் பரீட்சைக்குப் படித்த காலம் அது. 2030 ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் எழுபது வீதத்தை மீள்பிறப்பாக்கச் சக்தியிலிருந்து பெறுவதென்று அரசாங்கம் இலக்கு வைத்திருக்கிறது. கூரைச் சூரியசக்தி ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அப்படியிருக்க, 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று அகப்பட்டு நாடு முழுவதும் இருண்டது. உலகம் குரங்கைப் பார்த்துச் சிரித்தது. நானோ ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்தேன். விடுமுறை நாளில் பாவனை குறைவு, வெயில் அதிகம், சுழலும் கனத்த யந்திரங்கள் சிலவே ஓடிக்கொண்டிருந்தன. அதிர்ச்சியொன்று வந்தால் தம் வேகத்தால் தாங்கிக்கொள்ளும் வலு அந்தப் பெருஞ்சக்கரங்களுக்குத்தான் உண்டு. கூரைப் பெனலுக்கு அது இல்லை. இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைப் பெனல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. கடன்பட்டு வாங்கிய பெனலை வெயில் நேரத்தில் அணைத்துவைக்கச் சொன்னால் மனிதனுக்கு வயிறெரியுமா, எரியாதா? நாட்டளவில் விளக்குகளை ஏராளமாக வாங்கிவிட்டோம். பகலைச் சேமித்து மாலை ஏழு மணிக்குக் கொடுக்கும் மந்தையைத்தான் இன்னும் வாங்கவில்லை.

அம்மந்தையின் ஒரு பகுதி நம் காலடியிலேயே இருக்கிறதென்பது என் துணிபு. ஆனி, ஆடி மாதங்களில் நம் கரையோரத்தைப் பொசுக்கும் கச்சான் காற்றை எல்லோரும் திட்டுகிறோம். அக்காற்று வேறொன்றுமன்று, தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் தன் மழையனைத்தையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடும் சூட்டோடும் இப்பக்கம் இறங்கி வருவது. அங்கே காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் நிரம்பும் அதே வாரங்களில்தான் இங்கே வெயில் கொளுத்துகிறது. ஆகவே நம் வெயில் பகலில் நாட்டைத் தாங்குமாயின், மலைநாட்டு நீரைப் பகலில் திறக்காமல் மாலைக்கென்று நிறுத்திவைக்கலாம். அதற்கு மேலும் வேண்டியிருப்பதற்காகவே அரநாயக்கப் பகுதியில், மஹ ஓயா என்னும் பெயரில், மிஞ்சிய மின்சாரத்தால் நீரை மேலேற்றி இரவில் இறக்கும் 600 மெகாவாட் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அது நம் அம்பாறை மாவட்டத்து மஹா ஓயாவன்று. வெந்நீரூற்றைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கே மின்நிலையத்தைத் தேடவேண்டாம்.

திட்டமொன்றைக் காத்து நடத்துவதற்கு நல்ல முன்மாதிரியும் தூரத்தில் இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் அணைக்கட்டின் கீழே, இங்கினியாகலையில் பதினொரு மெகாவாட் அளவிலான ஒரு நீர்மின் நிலையம் இருக்கிறது. சம்மாந்துறை, நிந்தவூர் வட்டைகளுக்குத் தண்ணீர் விடும்போதுதான் அதன் சக்கரம் சுழலும். மின்சாரத்துக்காக அங்கே எவரும் தவம் கிடப்பதில்லை. ஆனால் வாய்க்காலிலே தண்ணீர் ஒரு நாள் பிந்தினால் வட்டவிதானை வீட்டு முற்றத்தில் கூட்டம் கூடிவிடும். சக்கரத்தைக் காக்கிற காவல் அந்தக் கூட்டம். தூய சக்தித் திட்டம் எதுவாயினும், அது நின்றுபோனால் யார் முற்றத்தில் யார் கூடுவார் என்று கேட்டுப் பாருங்கள், விடையில்லாவிட்டால் கையொப்பமிடாதீர்கள்.

ஜனங்களைக் கேளாமல் செய்தவற்றின் பலனையும் கண்டிருக்கிறோம். சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் என்றார்கள். இடம்பெயர்ந்த மக்கள் வருஷக்கணக்காய்த் தம் காணிக்காக அலைந்தார்கள். 2016இல் அது கைவிடப்பட்டு, இப்போது அங்கே 120 மெகாவாட் சூரியசக்திக்கு அடிக்கல் வைத்திருக்கிறார்கள். மன்னாரில் தம்பபவனி காற்றாலைகளுக்குப் பின்னரும் மேலும் மேலும் காற்றாலை என்றபோது, 2025இல் மக்கள் வீதிக்கு வந்தார்கள். காற்று தூயது, அதனால் அதை அறுவடை செய்கிறவனும் தூயவன் என்று மீனவன் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பது என்ன நியாயம்? 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. வாயிலை மணல் மூடியதும், வடபுறத்துக் கரையைக் கடல் அரித்ததும், தென்னைகள் வேரோடு விழுந்ததும் நீங்கள் பார்த்தவை. மணலை வருஷந்தோறும் யார் அள்ளுவது, எந்தப் பணத்தில் என்னும் கேள்விக்குத் திறப்பு விழாவுக்கு முன்னரே விடை வேண்டியிருந்தது.

உபதேசம் நீண்டுவிட்டது, இனி வேலையைப் பங்கிட்டுவிடுகிறேன். பொறியியல், தொழில்நுட்பப் பீடத்தாரே, உப்புக்காற்று பெனலின் சட்டத்தையும் திருகாணிகளையும் எத்தனை வருஷத்தில் தின்னும், பெனலில் படியும் உப்பை யார் எப்போது கழுவுவது என்று சாய்ந்தமருதுக் கூரைகளில் அளந்து எழுதுங்கள். குளிர்நாட்டுக் கைந்நூல்களில் அது இராது. சம்மாந்துறையிலுள்ள பிரயோக விஞ்ஞானப் பீடத்தாருக்கு, நெல் ஆலைகளில் மலையாய்க் குவியும் உமி இருக்கிறது. முகாமைத்துவப் பீடத்தார் அறுவடைக்கு அறுவடை அடைக்கும் தவணைமுறையைக் கரன்ட் கம்பம் வந்த பின்னும் உடையாதபடி திருத்தவேண்டும். இஸ்லாமியக் கற்கைகள் பீடத்து ஆலிம்களே, உங்களைத் தப்பவிடமாட்டேன்: 1956 ஆம் ஆண்டின் வக்புச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு மஹல்லாவின் பெட்டரி நிதியை வக்பாக நிறுவி, அதற்கு முதவல்லி வைத்து, கணக்கை ஜும்ஆவுக்குப் பின் வாசிக்க முடியுமா என்று ஆராய்ந்து சொல்லுங்கள். அவ்வாராய்ச்சியை என் செலவிலேயே அச்சிட்டுத் தர ஆயத்தமாயிருக்கிறேன். பதிவாளர் அவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

லுஹருக்கு நேரம் நெருங்குகிறது. படம் பிடிப்பதற்காக வாசலில் நிற்கும் சாச்சாமாரும் மாமிமாரும் என்னை மனத்துக்குள் வைதுகொண்டிருப்பார்கள். பெட்டரி சம்பந்தமாக மேலும் கேட்க விரும்புகிறவர்கள் தேநீர் மேசையருகே வரலாம். அஸர் வரையில் எனக்கு அவகாசமுண்டு. உங்களுக்கெல்லாம் என் நல்வாழ்த்தும் துஆவும். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு என் ஸலாமைச் சொல்லுங்கள். வஸ்ஸலாம்.