கூவியரின் உறக்கம்



உடுமலையிலிருந்து பழனி, திண்டுக்கல் வழியாக மதுரை செல்வோர் கோயிலுக்கு அடுத்தபடியாக வினவுவது உணவுக்கடையைத்தான். மேலச் சித்திரை வீதியில் வெள்ளையப்பம், விளக்குத்தூணருகே ஜிகர்தண்டா, மாலை வேளையில் தள்ளுவண்டியில் சுக்கு மணக்கும் பருத்திப்பால் என விடை வரும். பாலும் கடற்பாசியும் நன்னாரிப் பாகும் கலந்த ஜிகர்தண்டா, வேற்றுமொழிப் பெயரோடு வந்து மதுரையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தூங்கா நகரம் என்னும் பெயர் நிலைத்ததில் இக்கடைகளின் அடுப்புகளுக்கும் பங்குண்டு.

இக்காட்சி புதியதன்று. பத்துப்பாட்டுள் மிக நீண்டது 782 அடிகளையுடைய மதுரைக்காஞ்சி. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனுக்கு நிலையாமையை உணர்த்த மாங்குடி மருதனார் பாடியது. மன்னனுக்கு அறிவுரை கூற வந்த புலவர், நாளங்காடிக்குள்ளும் அல்லங்காடிக்குள்ளும் நம்மை அழைத்துச் செல்கிறார். பண்ணியங்களையும் பூவையும் ஏந்தி மனைதோறும் திரியும் நரைமூதாட்டியரைக் காட்டுகிறார். தேனிறால் போன்ற மெல்லடையையும், பூரணம் வைத்துப் பிடித்த மோதகத்தையும் சொல்கிறார். பின்பு, அவற்றை விற்கும் கூவியர் இரவில் தூங்கி விழுவதையும் சொல்கிறார்.

அங்கேதான் அவர் பெரும்புலவராகிறார். பலகாரத்தின் சுவையைப் பாடுவது எளிது. உண்டவர் எவரும் பாடலாம். விற்றவரின் அயர்ச்சியைக் காண்பதற்கே புலவன் வேண்டும். ஓர் ஊர் தூங்காதிருக்க வேண்டுமாயின், யாரோ சிலர் தம் உறக்கத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

பத்தாண்டு நிறைந்த நம் வட்டத்தில் நிலவும் மழையும் போதிய அளவு பாடப்பெற்றுவிட்டன. நம் பேருந்து நிலையத்தருகே நள்ளிரவில் பரோட்டாக் கல்லின் வெக்கையில் நிற்கும் இளைஞரை எத்தனை கவிதைகளில் கண்டோம்? விடியுமுன் மாவுப் பாத்திரத்தோடு வந்து இட்லிக்கடை போடும் அம்மையாரை யார் பாடினோம்? பரோட்டா என்னும் சொல் கவிதைக்கு ஆகாதென்று தயங்க வேண்டா. ஜிகர்தண்டாவை ஏற்ற தமிழ் அதனையும் ஏற்கும்.

வென்ற வேந்தனின் மாளிகை இன்றில்லை. அப்பம் சுடும் அடுப்பு மதுரையில் அணையவில்லை. நிலையாமையைப் பாடிய புலவர் நமக்கு விட்டுச்சென்ற பாடமாக இதனைக் கொள்வோம். அடுத்த தொகுதியில் ஒரு கவிதையேனும் கடைக்குள்ளிருந்து பிறக்கட்டும்.